ஐந்து மணி வானம்

பத்துக் கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு சாட்சியை, சம்மன் அனுப்பாமல், வழிச்செலவு கொடுக்காமல், ஒரே இரவில் ஒரு மொட்டைமாடிக்கு வரவழைத்து, வாயே திறக்காமல் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்க வைத்தார் கடைத்தெருக் கண்ணாடிக்காரர். சாட்சி ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வரவில்லை. இதைக் கேட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சிரித்தார்கள். நூறாவது ஆளுக்குக் காது கேட்காது.

கண்ணாடிக்காரரின் கடை ஆறடி அகலம், பதினெட்டடி நீளம். ஒரு கோடியில் கண் சோதிக்கிற எழுத்துப் பலகை, மறு கோடியில் நாற்காலி, நடுவில் அவருடைய நிதானம். நிலம் நடுங்கிக் கடையே ஆடினாலும், "கொஞ்சம் பொறுங்க, அந்தக் கடைசி வரியை வாசிச்சு முடிச்சிடுங்க" என்று சொல்லக்கூடிய மனிதர். யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் ஊர்க்காரர்கள் போலீஸுக்குப் போவதற்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள். ஸ்டூலில் அவருடைய மனைவியின் தம்பி உட்கார்ந்திருப்பார். இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற வழக்கையெல்லாம் அத்தானுக்கு முன்பே தீர்த்துவைத்துவிடுவார். இதுவரை தீர்த்தது முந்நூறு. சரியாக இருந்தது ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மாலை, வெயில் தாழ்கிற நேரத்தில், ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூட மறந்து வந்திருக்கிறாள்.

"கண் பார்க்கணுமாம்மா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லண்ணா. என் வீட்டுக்காரரைக் காப்பாத்தணும். நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அதுக்கப்புறம் ஜெயில்தான்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார்."

கண்டக்டர் ஸ்டூலை முன்னால் இழுத்தார். "அந்த மூணு மாடி வீட்டுக் கொலை தானே? எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி. இருபத்திரண்டு பேர் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு."

"மச்சான்," என்றார் கண்ணாடிக்காரர். அந்த ஒரு சொல்லில் கடை அடங்கியது.

அவள் சொன்னாள். தெருக்கோடி மூன்று மாடி வீட்டின் மேல்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர், 'கப்பல்காரர்', தனியாக இருந்தார். முப்பத்தைந்து வருடம் கப்பலில் அதிகாரி. ஓய்வுக்குப் பிறகும் விடிவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய், வெறுங்கண்ணால் கிரகங்களைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவைப்பார். தொலைநோக்கி வாங்கலாமே என்றால், அது கண் செத்தவனுக்கு என்பார். நடுத்தளத்தில் தையல்காரியான அவளும், கடிகாரம் பழுதுபார்க்கிற அவள் கணவனும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கப்பல்காரரின் அக்கா மகன். பேப்பர் ஏஜெண்ட்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, தெருக் கூட்டுகிறவர்கள் கப்பல்காரரைக் கிழக்குப் பக்கத்தில், பக்கத்து மனையில் அடுக்கியிருந்த செங்கல் மேல் கண்டார்கள். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மாடியில அவர் நோட்டு இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல அஞ்சு மணின்னு எழுதியிருந்துச்சு. அப்போ அஞ்சு மணிக்கு உயிரோட இருந்திருக்கார். அவர் அக்கா மகன் நாலரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுல பேப்பர் பிரிச்சுட்டு இருந்தார். பதினோரு பேர் பார்த்திருக்காங்க. நான் எங்கம்மா வீட்ல இருந்தேன். வீட்ல என் வீட்டுக்காரர் மட்டும்தான் இருந்தார்."

"சண்டை ஏதாவது?"

அவள் டேப்பின் நுனியைச் சுருட்டினாள். "முதல் நாள் தண்ணிக் குழாய் விஷயமா வாய்த்தகராறு. 'இப்படி ராப்பகலா அண்ணாந்து பார்த்துக்கிட்டே நடந்தா ஒரு நாள் கீழ விழுந்துதான் சாவீங்க'ன்னு கத்திட்டார். தெருவே கேட்டுச்சு. வாய்தாண்ணா அப்படி. கைக்கடிகாரத்துல இருந்து ஒரு திருகாணி தரையில விழுந்தாலே கை நடுங்குற மனுஷன்."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தானைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். குரல் இறங்கியது. "இப்ப அந்த வீட்ல நானும் அந்த ஏஜெண்டும்தான். ரெண்டு நாளா அவர் தூங்கல. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில நடக்குற சத்தம் கேட்குது. நேத்து கதவைத் தட்டினார். ரொம்ப மெதுவாத்தான் பேசினார். 'தனியா இருக்கீங்களே, மேல வாங்க, காத்து நல்லா வருது'ன்னார். நான் தையல் மிஷினைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு விடியுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

கண்ணாடிக்காரர் எழுந்து எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார். "இன்னிக்கு ராத்திரி நீங்க அந்த வீட்டுக்குப் போகவேண்டாம். என் சம்சாரத்தோட இருங்க. மச்சான், சட்டையைப் போடு."

"எங்க அத்தான்?"

"நோட்டுப் பார்க்க."

இன்ஸ்பெக்டர் எதையும் நம்பாத மனிதர். தன் வயதையே நம்பாததால் கண்ணாடி போட மாட்டார். கப்பல்காரரின் நோட்டைக் கையில் எடுத்து, கையை முழுக்க நீட்டி, தலையையும் பின்னால் சாய்த்துக்கொண்டு வாசித்தார்.

"இன்னும் ரெண்டு இஞ்சு கை வளர்ந்தா நல்லா வாசிக்கலாம் சார்," என்றார் கண்டக்டர்.

"உங்களை யாரு கூப்பிட்டா? இந்தாங்க கண்ணாடிக்காரரே, நீங்களே பாருங்க. அஞ்சு மணி. இங்கிலீஷ் எண்ணுலயே எழுதியிருக்கு. டாக்டர் சொல்றது மூணரைல இருந்து அஞ்சரைக்குள்ள. வேற என்ன வேணும்?"

கண்ணாடிக்காரர் நோட்டை மேசையில் விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டம். வட்டத்தின் தலையில் வடக்கைக் காட்டும் ஓர் அம்புக்குறி. உள்ளே சில புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுத்து, ஓர் எண். 'வெ' என்றால் வெள்ளி, 'வி' என்றால் வியாழன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு அதில் எழுத்தே இல்லை.

"எண்ணு எதுக்கு?" என்றார் கண்டக்டர்.

"முஷ்டிக் கணக்கு. கையை நேரா நீட்டி, ஒரு கண்ணை மூடி, அடிவானத்து மேல முஷ்டியை வை. அது ஒண்ணு. அதுமேல அடுத்த முஷ்டி, ரெண்டு. அப்படி ஒன்பது வச்சா உச்சந்தலைக்கு நேரா வந்துடும். கிரகம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்ல வேற கருவி வேண்டாம்."

அவர் பின்னாலிருந்து புரட்டினார். கடைசிக்கு முந்தைய பக்கம்: நேரம் 4.52. வலது ஓரத்தில் வெள்ளி, இடது பக்கத்தில் வியாழன். அதற்கு முன்: 5.07. வலதில் வெள்ளி, இடதில் வியாழன். 4.38. 5.11. 4.49. நாற்பது பக்கமும் அப்படியே. பிறகு சனிக்கிழமைப் பக்கத்துக்கு வந்தார். நேரம் 5.00. இடது பக்கத்தில் வெள்ளி, மூன்று முஷ்டி. அதற்கு வெளியே இடது ஓரத்தில் 'பு' என்று புதன், ஒரு முஷ்டி. வலது பக்கத்தில் வியாழன், இரண்டு முஷ்டி. அந்தப் பக்கத்தை அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்றால், கண்டக்டர் அதற்குள் இரண்டு முறை கொட்டாவி விட்டு, ஒரு முறை இன்ஸ்பெக்டரின் பேனாவைத் திறந்து மூடிவிட்டார்.

"என் கடைக்கு லைசென்ஸுக்காகக் கண் சோதனைக்கு வர்றவங்க இருக்காங்க சார்," என்றார் கடைசியில். "பலகையை முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. நான் விளக்கை அணைச்சாலும் கடகடன்னு வாசிப்பாங்க. இந்தப் பக்கத்தை எழுதினவரும் அப்படித்தான். கண்ணால பார்த்ததை எழுதல. முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்ததை எழுதியிருக்கார்."

"வலது இடது மாறியிருக்குன்னு சொல்ல வர்றீங்க. வயசானவர். என் பெரியப்பா எழுபது வயசுல செருப்பையே மாத்தித்தான் போடுவார்."

"போன மாசம் இவர் கண்ணை நான் சோதிச்சேன். பலகைக்கு அடியில எறும்பு சைஸுக்குப் பலகை செஞ்ச கம்பெனி விலாசம் இருக்கும். அதையும் வாசிச்சுட்டு, பின்கோடு தப்புன்னு சொல்லிட்டுப் போனார். நாளைக்கு விடிகாலை நாலரைக்கு அந்த மொட்டைமாடிக்கு வாங்க. நோட்டை எடுத்துக்கிட்டு ஏஜெண்டையும் கூட்டிட்டு வாங்க. சாட்சி வருது."

"யாரு சாட்சி?"

"இன்னும் கிளம்பல. மூணு மணிக்குத்தான் எழுந்திரிக்கும்."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில், லாக்கப்புக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவர் கை விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டே இருந்தன.

அந்தி இருட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரரும் கண்டக்டரும் மூன்று மாடி ஏறினார்கள். மாடிக் கதவு திறந்தே கிடந்தது. மொட்டைமாடியின் மூன்று பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். கிழக்கே மட்டும் முழங்கால் உயரம். பக்கத்து மனையில் புதுக் கட்டடம் பூச்சில்லாமல், ஜன்னல் துளைகளோடு, தலைக்கு மேல் எழும்பி நின்றது. அந்தத் துளைகளில் இருட்டு இவர்களுக்கு முன்பே குடியேறியிருந்தது.

கண்ணாடிக்காரர் கையை நீட்டி, கிழக்கே முஷ்டி வைத்தார். "ஒண்ணு. ரெண்டு. ரெண்டு முஷ்டி வரைக்கும் புதுக் கட்டடச் சுவர்தான். அதுக்கு மேலதான் வானம்."

"நான் பார்க்கிறேன் அத்தான்." கண்டக்டர் ஒரு கண்ணை மூடினார், கையை நீட்டினார், மூக்கை வானத்துக்குத் தூக்கினார். ஒரு முஷ்டிக்கு மேல் இன்னொரு முஷ்டியை வைக்க ஒரு அடி முன்னால் போனார். இன்னும் ஒரு அடி போனார்.

"பார்த்துங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மாமாவும் இப்படித்தான் நின்னார்."

கண்டக்டர் திடுக்கிட்டு நின்றார். முழங்கால் சுவர் அவர் காலில் இடித்தது.

பேப்பர் ஏஜெண்ட் கதவை ஒட்டி நின்றிருந்தார். அவர் ஏறி வந்த சத்தமே கேட்கவில்லை. மெல்லிய மனிதர், மெல்லிய குரல். விரல் நுனியெல்லாம் அச்சு மை ஏறிக் கறுத்திருந்தது.

"இந்த இடத்தையும் சேர்த்துக் கட்டப் பக்கத்துக்காரர் கேட்டாராமே?" என்றார் கண்ணாடிக்காரர், ஏதோ தட்பவெப்பம் விசாரிப்பதுபோல.

"கேட்டார். மாமா ஒத்துக்கல. 'பாதிக் கிழக்கை மறைச்சாச்சு, மீதியையும் தரமாட்டேன்'னு சொல்லிட்டார். இனி நான்தான் முடிவு பண்ணணும். தையல்காரம்மா எங்கே? வீடு பூட்டியிருக்கே."

"உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்க. உங்களுக்கும் கிரகம் பார்க்கிற பழக்கம் உண்டோ?"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்." அவர் லேசாகச் சிரித்தார். "நான் குனிஞ்சே வேலை பார்க்கிறவன்."

கீழே இறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு படி இடைவெளி. கண்டக்டர் பிற்பாடு சொன்னது: அந்த நாற்பத்தெட்டுப் படியில் தனக்கு நாற்பத்தெட்டு வயது கூடிவிட்டதாம். அப்படியானால் அவருக்கு இப்போது நூற்றுப் பத்து.

கடைக்குத் திரும்பியதும் கண்ணாடிக்காரர் கண்ணாடி சுற்றிக் கொடுக்க வைத்திருந்த பழைய பேப்பர் கட்டைப் பிரித்தார். முந்தின நாள் ஞாயிறு இணைப்பில், கடைசிப் பக்கத்தில், 'இந்த மாத வானம்' என்று, முஷ்டிக் கணக்கோடு, ஒரு வட்டப் படம் இருந்தது. அடியில் 'விடிகாலை ஐந்து மணி' என்று அச்சிட்டிருந்தது. போன மாதத்துப் படத்தையும் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். போன மாதத்துப் படத்தில் புதன் இல்லை. இந்த மாதத்துப் படத்தில் இருந்தது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இது தப்பு அத்தான். வடக்கு மேலே இருக்குன்னா கிழக்கு வலது பக்கம் இருக்கணும். இவன் இடது பக்கத்துல கிழக்குன்னு போட்டிருக்கான். பேப்பர்க்காரனுக்கு ஒரு கடுதாசி போடப்போறேன்."

"போடாதே. இந்த இணைப்பு எப்ப நம்ம கைக்கு வருது?"

"ஞாயித்துக்கிழமைதான்."

"ஏஜெண்ட் கைக்கு?"

"அது ரெண்டு நாள் முன்னாடியே வந்துடும். அன்னன்னிக்குப் பேப்பர்தான் ராத்திரி அச்சாகி வரும். இணைப்பெல்லாம் முன்கூட்டியே அடிச்சுடுவாங்க. எத்தனை வருஷம் என் பஸ் மேலேயே கட்டு ஏத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "மச்சான், முந்நூத்தி ஒண்ணாவது கேஸ்ல நீ பிழைச்சுட்டே."

எதில் பிழைத்தோம் என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. அதற்காகச் சந்தோஷத்தை அவர் தள்ளிப்போடவும் இல்லை.

விடிகாலை நாலேமுக்காலுக்கு மொட்டைமாடியில் ஆறு பேர் நின்றார்கள். இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், ஏஜெண்ட், தையல்காரி, கண்டக்டர், கண்ணாடிக்காரர். ஒரு துண்டு மேகம் இல்லை. ஊர் முழுக்க விளக்கு அணைந்து கிடந்தது. புதுக் கட்டடத்துக்கு மேலே, கறுப்புச் சுவரின் விளிம்பிலிருந்து ஒரு முஷ்டி தள்ளி, வெள்ளையாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளியில் ஊசியில் நூல் கோத்துவிடலாம் என்று தோன்றும். மேற்கே, தாழ்வாக, இன்னொன்று சற்று மங்கலான மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் கிழக்குச் சுவரின் பக்கத்தில், நேற்று நின்ற அதே இடத்தில் நின்றார். அங்கே நிறுத்தியது கண்ணாடிக்காரர். காதில் மட்டும் ஏதோ சொல்லியிருந்தார்.

"எங்கே உங்க சாட்சி?" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்."

"வந்து ரெண்டு மணி நேரமாச்சு சார். ஏஜெண்ட் தம்பி, மாமா எழுதின கடைசிப் பக்கம் இது. வடக்கு அந்தப் பக்கம். இதை வச்சு வெள்ளியைக் காட்டுங்க பார்க்கலாம்."

ஏஜெண்ட் நோட்டை வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். அம்புக்குறியை வடக்கே திருப்பினார். புள்ளி இடது பக்கம் இருந்தது. இடது பக்கம் மேற்கு. நிமிர்ந்து மேற்கே கை காட்டினார். "அதோ. அதுதான் வெள்ளி."

"நிச்சயமா?"

"மாமா போட்டிருக்கார்ல."

"அதே பக்கத்துல ஒரு முஷ்டி உயரத்துல புதனும் போட்டிருக்கார். அது எங்கே?"

"மேகமா இருக்கும்."

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். அங்கே மேகம் இல்லை. புதனும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கழுத்தைத் தேய்த்தார். "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. எது வெள்ளின்னு நீங்க சொன்னா ஆச்சா? ரெண்டுமே நட்சத்திரமா இருந்தா?"

"நட்சத்திரம் மின்னும் சார். இந்த ரெண்டும் மின்னுதா பாருங்க. மின்னாது. ரெண்டும் கிரகம். எது வெள்ளின்னு நானும் சொல்லவேண்டாம், நீங்களும் சொல்லவேண்டாம். கட்டிப் போட்ட மாடு மாதிரி அது. சூரியன்தான் முளைக்குச்சி. கயிறு நீளத்துக்கு மேல அதால போகமுடியாது. அதனால விடியுறப்போ சூரியன் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்தான் வெள்ளி நிக்கும். எந்த வருஷமும், எந்த ஊர்லயும். பொறுத்திருந்து பாருங்க."

பொறுத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு ஒரு யுகம் நீண்டது. அரை மணி என்று கான்ஸ்டபிள் பிற்பாடு சொன்னார். ஏஜெண்ட் மட்டும் ஒவ்வொரு அடியாக, தான் நகர்வது தனக்கே தெரியாததுபோல், கண்டக்டர் பக்கம் வந்துகொண்டிருந்தார். தையல்காரி அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். புதுக் கட்டடத்தின் பின்னாலிருந்து வானம் சாம்பலாக வெளுத்தது. பிறகு அதன் விளிம்பு சிவந்தது. அந்தச் சிவப்புக்கு நேர் மேலே, வெள்ளையாக, அசையாமல், அது நின்றது. மேற்கே இருந்தது கரைந்துபோயிருந்தது.

"கிழக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாற்பது நாள் கப்பல்காரர் அதை வலது பக்கம், கிழக்கேதான் போட்டிருக்கார். கப்பல்ல கடல் வரைபடம் போட்டுப் பழகின கை, அதுல கிழக்கு வலது பக்கம்தான். நாற்பத்தொண்ணாவது நாள் மட்டும் வெள்ளி மேற்கே போச்சாம்." கண்ணாடிக்காரர் ஞாயிறு இணைப்பை விரித்தார். "இந்தப் படத்தைப் பாருங்க. புள்ளிக்குப் புள்ளி, எண்ணுக்கு எண்ணு அதேதான். ஆனா வான்படத்துல கிழக்கு இடது பக்கம் இருக்கும். அது தப்பில்ல. வடக்கு வடக்கே இருக்கிற மாதிரி தலைக்கு மேல கவுத்துப் பிடிச்சு அண்ணாந்து பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் படத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். கிழக்கு என்ற எழுத்து நேராகச் சிவந்த வானத்தின் பக்கம் போய் நின்றது.

"வானத்தைப் பார்த்துப் பழகினவன் படத்தை இப்படித்தான் பிடிப்பான். குனிஞ்சே வேலை பார்க்கிறவன் தரையில விரிச்சு வச்சு, இடது பக்கம் இருக்கிறதை இடது பக்கமே நகல் எடுப்பான்."

ஏஜெண்ட் சிரித்தார். "யார் வேணும்னாலும் நகல் எடுத்திருக்கலாமே. அந்தக் கடிகாரக்காரரே..."

"எடுக்கலாம். ஆனா புதன் இந்த மாசப் படத்துலதான் இருக்கு. அந்தப் படம் ஊருக்கு வந்தது ஞாயித்துக்கிழமை. கப்பல்காரர் செத்தது சனிக்கிழமை. அன்னிக்கு விடிகாலையில அந்தத் தாள் இந்தத் தெருவுல ஒரே ஒரு வீட்ல கட்டுக் கட்டா இருந்துச்சு. இந்த வீட்டுக் கீழ்த்தளத்துல. இன்னொண்ணு, புதன் ஒரு முஷ்டி உயரம்னா இங்கிருந்து யாருக்கும் தெரியாது. ரெண்டு முஷ்டிக்குச் சுவர் நிக்குது. பார்த்தவன் அதை எழுதியிருக்கவே மாட்டான். நாலு மணிக்கு ஆளைத் தள்ளிட்டு, அப்பவே உட்கார்ந்து அஞ்சு மணி வானத்தை எழுதவேண்டியவனுக்குத்தான் அச்சடிச்ச படம் வேணும். அஞ்சு மணின்னு எழுதி யாருக்கு லாபம்? வீட்ல இருந்த கடிகாரக்காரருக்கா? அஞ்சு மணிக்குப் பதினோரு பேர் முன்னாடி நின்னவருக்கா?"

காற்று நின்றிருந்தது. ஏஜெண்டிடமிருந்து திரும்ப வாங்கிய நோட்டு இப்போது கண்டக்டர் கையில் இருந்தது. ஏஜெண்டுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை நீளம்தான்.

"அண்ணாந்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி நிக்கிற மனுஷனைவிட நிராதரவான மனுஷன் உலகத்துல கிடையாது," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு, அதே குரலில், "மச்சான், உட்காரு."

கண்டக்டர் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் எல்லோரையும் உட்காரச் சொன்னவர், வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்ன மறுகணம் உட்கார்ந்தார். நோட்டைப் பிடுங்கப் பாய்ந்த ஏஜெண்டின் இரண்டு கையும் அவர் தலைக்கு மேல் வெறும் காற்றைத் தள்ளின. முழங்கால் சுவரில் இடறி, பாதி உடம்பு வெளியே தொங்க, செங்கல் அடுக்கைப் பார்த்தபடி ஏஜெண்ட் அலறினார். கான்ஸ்டபிளும் இன்ஸ்பெக்டரும் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

தரையில் கிடந்தவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பக்கத்துல போய் நின்னேன். இடத்தை வித்துடலாம், பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க மாமான்னு கேட்டேன். கண்ணை எடுக்காமலே, 'இரு, வியாழன் இறங்குறதுக்குள்ள அளந்துடறேன்'னு சொல்லிட்டு மேற்கே அளந்தார். அப்புறம் வெள்ளி ஏறுதான்னு கிழக்கே திரும்பிச் சுவரோரம் போனார். கடைசி வரைக்கும் என் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்கல."

கான்ஸ்டபிள் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். நாற்பத்தெட்டுப் படியும் இறங்குகிற சத்தம் மேலே கேட்டது. தையல்காரி கடைசிப் படி வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு லாக்கப் கதவு திறந்தது. கடிகாரக்காரர் வெளியே வந்து, எதுவும் விளங்காமல் எல்லோரையும் பார்த்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் இன்னும் திருகிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையாலும் அவற்றை மூடிப் பிடித்துக்கொண்டு, அவை ஓயும் வரை நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி," என்றார் அவர்.

"தெரியும். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அப்போது மேசையில் போன் அடித்தது. இன்ஸ்பெக்டரின் மேலதிகாரி. பத்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டிய ஆளை எதற்கு விட்டார் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்ல மறுமுனையில் சத்தம் ஏறியது. கண்டக்டர் காதைக் கிட்டே கொண்டுபோனார். கண்ணாடிக்காரர் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இல்ல சார், குடிக்கல... ஆமா சார், விடிகாலையில... இல்ல சார், அந்தச் சாட்சியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வர முடியாது..." இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பகல் வானம் வெறுமையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் சிரிச்சேன் சார். யாராவது வந்து சொல்லியிருந்தா இப்பவும் சிரிச்சுட்டுத்தான் இருப்பேன்," என்றார். "ஆனா நடந்துச்சு. நான் பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன்."